பூஞ்சையை வைத்து இயற்கை வாசனைப் பொருள்கள் தயாரிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆமணக்கெண்ணெயை யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட்டுக்கு (ஈஸ்ட்டும் பூஞ்சைதான்) கொடுத்தால் பீச் பழ வாசனை வரும். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் சாதாரண ஈஸ்ட்டுக்கு ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தால் ரோஜா மணக்கும். டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சையின் சில ரகங்கள், தனியாக எதுவும் கொடுக்காமலே தேங்காய் வாசனை வீசும். இவற்றில் பலவும் பழத்திலும் பூவிலும் இருக்கும் அதே மூலக்கூறுகள்தான். செடியிலிருந்து பிரித்தெடுத்தால் டன் கணக்கில் பூ வேண்டும். பூஞ்சைக்கு ஒரு குடுவையும் சில நாட்களும் போதும்.

போதும் என்று சொன்னாலும், இதில் இறங்குபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது “எந்தப் பூஞ்சை?” என்றுதான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எதைத் தின்னக் கொடுக்கப் போகிறோம் என்பது முதல் கேள்வி. உண்டாகும் வாசனையை எதில் பிடிக்கப் போகிறோம் என்பது இரண்டாவது. ஏனென்றால் வாசனைப் பொருள் காற்றில் பறந்துவிடும். பறக்காமல் நின்றால், அளவு கூடும்போது அதை உண்டாக்கிய பூஞ்சைக்கே நஞ்சாகும். சில சமயம் பூஞ்சையே அதைத் திரும்பத் தின்றுவிடும். இந்த மூன்றுக்கும் வழி வைத்துக்கொண்டு தொடங்கினால் மீதி எல்லாம் சாதாரண நுண்ணுயிரியல் வேலை.

கீழே உள்ளவை, பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) ஷேக்கரும் (குடுவைகளை ஆட்டும் கருவி) தொட்டுப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியவை.

எதைக் கொடுப்பது

பூஞ்சையிடம் வாசனை பெற இரண்டு வழிகள். ஒன்று, வெறும் சர்க்கரையையும் உப்புகளையும் கொடுத்துவிட்டு, அது தானாக உண்டாக்குவதை எடுத்துக்கொள்வது. இரண்டாவது, வாசனை மூலக்கூறுக்கு ஏற்கெனவே நெருக்கமாக இருக்கும் ஒரு முன்பொருளைக் கொடுத்து, அதில் ஓரிரு மாற்றங்களை மட்டும் செய்ய வைப்பது. முதல் வழியில் கிடைப்பது பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். அதோடு வேறு பல வாசனைகளும் கலந்து வரும். இரண்டாவது வழியில் கிராம் கணக்கில் கிடைக்கும், என்ன வரும் என்றும் முன்பே தெரியும். புதியவர்கள் இரண்டாவதில் தொடங்குவதுதான் சரி.

எந்த முன்பொருள் எந்த வாசனையாகும் என்று பார்ப்போம். ஃபீனைல்அலனைனிலிருந்து ஈஸ்ட் 2-ஃபீனைல்எத்தனால் செய்கிறது, அது ரோஜா. அதே ஃபீனைல்அலனைனை இஷ்னோடெர்மா பென்சோயினம் என்ற மரக்காளான் பென்சால்டிஹைடாக மாற்றும், அது வாதுமை. ஒரே தீனி, வேறு வேறு நொதிகள், வேறு வேறு மணம். ஆமணக்கெண்ணெயில் உள்ள ரிசினோலியிக் அமிலம் காமா-டெக்காலாக்டோனாக மாறினால் பீச். எண்ணெய்களில் இருக்கும் ஆக்டனாயிக், டெக்கனாயிக் அமிலங்களைப் பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி மெத்தில் கீட்டோன்களாக்கும். நீலப் பாலாடைக்கட்டியின் காரமான வாசனை அதுதான். தவிட்டிலும் பீட் சக்கையிலும் கட்டுண்டு கிடக்கும் ஃபெருலிக் அமிலம் வெனிலின் ஆகும். ஆரஞ்சு எண்ணெயில் உள்ள வேலன்சீனைச் சிப்பிக்காளான் இனத்தைச் சேர்ந்த ப்ளூரோட்டஸ் சாப்பிடஸ் நூட்கட்டோனாக மாற்றும். அது பம்ப்ளிமாஸ் வகைப் பழங்களின் மணம்.

பட்டியலைப் பார்த்ததும் வெனிலினில் கை வைக்கத் தோன்றும். வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதல் முயற்சிக்கு ரோஜாதான் நல்லது: ஈஸ்ட் பாதுகாப்பானது, வேகமாக வளரும், முன்பொருள் தண்ணீரில் கரையும், விளைபொருள் சட்டென்று பறக்காது (அதன் கொதிநிலை சுமார் 219 டிகிரி செல்சியஸ்).

முதல் குடுவை: ஈஸ்ட்டிலிருந்து ரோஜா

நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் செய்முறை தானாகப் புரியும். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் வேண்டும். எளிதாகக் கிடைக்கும் அம்மோனியம் இருந்தால் அதைத்தான் எடுக்கும். அது இல்லாதபோது ஃபீனைல்அலனைனிலிருந்து அமினோ பகுதியைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் எலும்புக்கூட்டிலிருந்து கார்பன் டைஆக்சைடு ஒன்று கழன்று ஃபீனைல்அசிட்டால்டிஹைடு ஆகும்; அது ஒடுக்கப்பட்டு 2-ஃபீனைல்எத்தனால் ஆகும். அமினோ அமிலத்திலிருந்து ஈஸ்ட் இப்படி ஆல்கஹால் செய்கிறது என்பதை ஃபெலிக்ஸ் எர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1907-இல் விளக்கினார். அதனால் இதற்கு எர்லிக் பாதை என்றே பெயர். ஈஸ்ட்டைப் பொறுத்தவரை ரோஜா வாசனை என்பது நைட்ரஜனை உருவிக்கொண்ட பிறகு வெளியே தள்ளும் குப்பை.

ஆகவே விதி ஒன்றுதான்: ஊடகத்தில் (ஈஸ்ட் வளரும் சத்துக் கரைசலில்) ஃபீனைல்அலனைனைத் தவிர வேறு நைட்ரஜன் இருக்கக் கூடாது. வாசனை வரவில்லை என்று சொல்பவர்களின் செய்முறையைப் புரட்டினால், பெரும்பாலும் எங்காவது ஓர் அம்மோனியம் உப்போ தாராளமாகப் போட்ட பெப்டோனோ (புரதத்தை உடைத்துச் செய்த சத்துப்பொடி) ஒளிந்திருக்கும்.

ஒரு லிட்டர் ஊடகத்துக்கு: அமினோ அமிலமும் அம்மோனியம் சல்ஃபேட்டும் சேர்க்காத ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் (உப்புகளும் வைட்டமின்களும் கலந்த ஆயத்தத் தூள்) 1.7 கிராம், எல்-ஃபீனைல்அலனைன் 5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம். பிஹெச் 5.5 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபீனைல்அலனைன் கரைய லேசான சூடு தேவைப்படும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குளுக்கோஸையும் ஃபீனைல்அலனைனையும் ஒன்றாகக் கலந்து 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தால் இரண்டும் வினைபுரிந்து பழுப்பாகும். நிறம் மட்டுமல்ல, சூட்டில் ஃபீனைல்அலனைன் சிதைந்து ஃபீனைல்அசிட்டால்டிஹைடும் உண்டாகும். அது தேனும் பூவும் கலந்தது போல மணக்கும். ஈஸ்ட்டைப் போடுவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டால் பிறகு எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. குளுக்கோஸைத் தனிக் குடுவையில் கெட்டிக் கரைசலாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பிறகு கலக்குங்கள். ஈஸ்ட் நைட்ரஜன் பேஸை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்திக் கிருமி நீக்குவது நல்லது. அதில் உள்ள வைட்டமின்கள் சூட்டைத் தாங்காது.

250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. ஊடகம் போதும். நிறைய ஊற்றினால் காற்று போதாது. மூன்று குடுவைகள் வையுங்கள். முதலாவதில் ஊடகம் மட்டும், ஈஸ்ட் கிடையாது. இரண்டாவதில் ஃபீனைல்அலனைனுக்குப் பதிலாக அம்மோனியம் சல்ஃபேட்டை லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் போட்டு, ஈஸ்ட்டும் சேர்க்க வேண்டும். மூன்றாவதுதான் அசல். ஒப்பீட்டுக் குடுவைகள் இல்லாமல் மூக்கை நம்பினால், நாம் எதிர்பார்ப்பதைத்தான் மூக்கு சொல்லும்.

ஈஸ்ட்டை முந்தைய நாளே தயார் செய்ய வேண்டும். தட்டில் வளர்ந்த ஒரு தனிக் காலனியைச் சிறிது வளமான ஊடகத்தில் (லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 10 கிராம், பெப்டோன் 20, குளுக்கோஸ் 20) போட்டு 30 டிகிரியில் ஓர் இரவு ஆட்டுங்கள். மறுநாள் அதை அப்படியே ஊற்றிவிடாமல், சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரைக் கொட்டிவிட்டு, கிருமி நீக்கிய நீரில் இரண்டு முறை கழுவுங்கள். கழுவுவது பெப்டோன் கூடவே வந்துவிடக் கூடாது என்பதற்காக. பிறகு குடுவையில் சேர்த்து, பஞ்சடைத்து, 28 முதல் 30 டிகிரியில் நிமிடத்துக்கு 150–180 சுற்று வேகத்தில் ஆட்டுங்கள்.

அடுத்த நாளே மூன்றாவது குடுவையில் வித்தியாசம் தெரியத் தொடங்கலாம். 48 முதல் 72 மணி நேரத்தில் நன்றாக வரும். அதற்குமேல் விடுவதில் பெரிய லாபமில்லை. தினமும் 1 மி.லி. எடுத்துச் சுற்றி, மேல்நீரை உறைநிலையில் வைத்துக்கொண்டால் பிறகு மொத்தமாக அளக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள். ஃபீனைல்அலனைனின் மூலக்கூறு எடை 165, 2-ஃபீனைல்எத்தனாலின் எடை 122. 5 கிராம் முழுதாக மாறினால் அதிகபட்சம் 3.7 கிராம். யாராவது அதைவிட அதிகம் கிடைத்ததாகச் சொன்னால், ஒன்று அளவீட்டில் கோளாறு, இல்லையென்றால் சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் தானாகச் செய்ததும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது பங்கு சாதாரண ஈஸ்ட்டில் மிகச் சிறியது.

உண்டானதைப் பிடிப்பது

ஃபீனைல்அலனைனை 5 கிராமிலிருந்து 20 கிராமாக்கினால் நான்கு மடங்கு கிடைக்குமா? கிடைக்காது. 2-ஃபீனைல்எத்தனால் லிட்டருக்கு 2 முதல் 4 கிராமை எட்டும்போது ஈஸ்ட் சுருண்டுவிடும். அது செல் சவ்வின் கொழுப்புக்குள் புகுந்து சவ்வைத் தளர்த்துகிறது. ஈஸ்ட் தானே உண்டாக்கும் எத்தனாலும் கூடச் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் முன்னதாகவே தொடங்கும்.

இதற்கு மருந்து, உண்டாக உண்டாக வெளியே இழுத்துவிடுவது. குடுவையில் ஓலியிக் அமிலத்தை ஊற்றினால் அது தனி அடுக்காக மிதக்கும். ரோஜா வாசனை தண்ணீரைவிட அந்த எண்ணெய் அடுக்கையே விரும்பி ஏறும். தண்ணீரில் அளவு குறைவாகவே இருப்பதால் ஈஸ்ட் தொடர்ந்து வேலை செய்யும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபீனைல்அலனைனைச் சிறுகச் சிறுக ஊட்டி இந்த உத்தியையும் சேர்த்தபோது லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் கிடைத்தது. எண்ணெய் இல்லாமல் நான்கு கிராமைத் தாண்டுவதே சிரமம்.

எண்ணெய்க்குப் பதிலாக எக்ஸ்ஏடி-4, எச்பி-20 போன்ற உறிஞ்சும் ரெசின் மணிகளையும் போடலாம். எனக்கு ரெசின்தான் பிடிக்கும். எண்ணெய் ஷேக்கரில் பால்போலக் கலங்கிவிடும், பிறகு பிரிப்பது தலைவலி. ரெசின் என்றால் சல்லடையில் வடித்து, நீரில் அலசி, எத்தனாலை ஊற்றினால் வாசனை அதில் இறங்கிவிடும். 100 மி.லி.க்கு 2 முதல் 5 கிராம் ரெசினில் தொடங்கிப் பாருங்கள். ஒரு குறை: ரெசின் ஃபீனைல்அலனைனையும் கொஞ்சம் உறிஞ்சக்கூடும், ஆகவே கணக்குப் போடும்போது அதையும் பார்க்க வேண்டும்.

சுலபமாக ஆவியாகும் பொருள்களுக்கு இரண்டுமே போதாது. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டைக் காற்றோட்டம் உள்ள கலனில் உண்டாக்கினால் அது வெளியேறும் காற்றோடு போய்விடும். அங்கே வெளிக்காற்றைப் பனிக்கட்டியில் வைத்த எத்தனால் வழியாகவோ, செயலூட்டிய கரி வழியாகவோ செலுத்திப் பிடிக்க வேண்டும். அறை முழுவதும் கமகம என்று மணந்தால் சந்தோஷப்படாதீர்கள். அவ்வளவும் கைவிட்டுப் போனது.

அடுத்த படி: தேங்காயும் பீச்சும்

ஈஸ்ட் கைவந்த பிறகு இழைப்பூஞ்சைக்குப் போகலாம். டிரைக்கோடெர்மாவின் தேங்காய் வாசனை 6-பென்டைல்-ஆல்ஃபா-பைரோன் என்ற பொருளால் வருவது. டிரைக்கோடெர்மா விரிடியிலிருந்து அது வருவதை 1972-இல் அறிவித்தார்கள். பூஞ்சை அதை நமக்காகச் செய்யவில்லை. போட்டிக்கு வரும் மற்றப் பூஞ்சைகளை அடக்கவே செய்கிறது. அளவு கூடினால் தன்னையும் அடக்கிக்கொள்கிறது. ஆகவே ரெசின் இங்கேயும் தேவை.

இதில் ரகம்தான் எல்லாம். ஒரே சிற்றினத்தின் இரண்டு ரகங்களில் ஒன்று தூக்கலாக மணக்கும், இன்னொன்று மண்வாசனையோடு நின்றுவிடும். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் தட்டில் (லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 15 முதல் 20 கிராம்) பல ரகங்களை 25 முதல் 28 டிகிரியில் வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கு நாட்களில் தட்டு நிறைந்துவிடும்.

திரவத்தில் வளர்ப்பதைவிட, ஈரமான திடப்பொருள் மேல் வளர்ப்பது இந்தப் பூஞ்சைக்கு இயல்பானது. கரும்புச் சக்கையைச் சிறு துண்டுகளாக்கி, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கரைசலில் ஊறவைத்து, ஈரம் 65–75 சதவீதம் இருக்கும்படி பிழிந்து, ஆட்டோகிளேவ் செய்து, வித்துக் கரைசல் (பூஞ்சையின் ஸ்போர்கள் கலந்த நீர்) தெளித்தால் போதும். நைட்ரஜனைக் குறைவாகவும் சர்க்கரையை அதிகமாகவும் வையுங்கள். அடுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. பூஞ்சை வளரும்போது சூட்டை வெளியிடும். தடித்த அடுக்கின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் பூஞ்சையே வெந்துபோகும்.

பீச் வாசனைக்கு வேறு கவனம் வேண்டும். யாரோவியா ஆமணக்கெண்ணெயை உடைத்து ரிசினோலியிக் அமிலத்தை எடுத்து, அதன் 18 கார்பன் சங்கிலியை இரண்டிரண்டாக நறுக்கும். 10 கார்பனில் நிற்கும்போது கிடைக்கும் ஹைட்ராக்சி அமிலம் வளைந்து மூடிக்கொண்டால் அதுதான் காமா-டெக்காலாக்டோன். சிக்கல் என்னவென்றால், ஈஸ்ட் 10-இல் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தொடர்ந்து நறுக்கிக்கொண்டே போகலாம். உண்டான லாக்டோனையும் பிறகு தின்னும். வரைபடம் போட்டால் அளவு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். உச்சம் எப்போது என்று உங்கள் ரகத்துக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. எண்ணெய் நீரில் கலங்கி நிற்க ட்வீன்-80 என்ற கலப்பி சிறிது சேர்க்க வேண்டும், காற்று தாராளமாக வேண்டும், பிஹெச் 6 அருகில் இருக்கட்டும். நிறுத்திய பிறகு அமிலம் சேர்த்து பிஹெச்சை 2 அளவுக்கு இறக்கிச் சூடாக்கினால், மூடாமல் மிஞ்சிய ஹைட்ராக்சி அமிலமும் லாக்டோனாகிவிடும். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் பலர் நல்ல விளைச்சலைக் கொட்டிவிடுகிறார்கள்.

வெனிலினுக்கு வருவோம். 1990-களில் பிரான்சில் உருவான இரண்டு-பூஞ்சை முறை அழகானது: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் ஃபெருலிக் அமிலத்தை வெனிலிக் அமிலமாக்கும், பிக்னோபோரஸ் சின்னபரினஸ் என்ற சிவப்பு மரக்காளான் அதை வெனிலினாக்கும். ஆனால் வெனிலின் ஓர் ஆல்டிஹைடு, செல்லுக்கு நல்ல நஞ்சு. பூஞ்சை அதை உடனே வெனிலைல் ஆல்கஹாலாகவோ வேறொன்றாகவோ மாற்றித் தன்னைக் காத்துக்கொள்ளும். இரண்டு உயிரிகள், இரண்டு ஊடகங்கள், இடையில் நேரம் பார்த்து ஊட்டுதல் என்று புதியவருக்குச் சுமை அதிகம். தொழில்துறையிலேயே ஃபெருலிக் அமிலத்திலிருந்து வெனிலின் எடுக்கப் பெரிதும் பயன்படுவது அமைக்கோலடாப்சிஸ் என்ற பாக்டீரியாதான்.

மூக்கும் கருவியும்

தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். வித்துகள் நுரையீரலுக்குப் போகும். மூடியைச் சற்றே தூக்கிக் கையால் காற்றைத் தள்ளி முகருங்கள், அதுவும் பச்சை வித்துகள் வருவதற்கு முன்பு. புளித்த அல்லது வெண்ணெய் கெட்ட வாடை வந்தால் பாக்டீரியா நுழைந்திருக்கிறது. முகர்ந்து ஆராயாமல் ஆட்டோகிளேவுக்கு அனுப்புங்கள்.

2-ஃபீனைல்எத்தனாலை அளக்க எச்பிஎல்சி (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்து அளக்கும் கருவி) போதும். பிரிக்கும் குழாயாகச் சி-18 நிரலைப் போட்டு, புற ஊதா ஒளியில் 258 நானோமீட்டர் அருகே பார்த்தால் ஃபீனைல்அலனைனும் விளைபொருளும் தனித்தனி உச்சங்களாக ஒரே ஓட்டத்தில் தெரியும். பீச் போன்ற லாக்டோன்களுக்கும் வாழை போன்ற எஸ்டர்களுக்கும் ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் கருவி) வேண்டும். கருவியின் தரவுத் தொகுப்பில் தேடிப் பெயர் வந்துவிட்டது என்று நிறுத்தாமல், வாங்கிய தூய பொருளை அதே கருவியில் ஓட்டி நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறிய ஆர், எஸ் வடிவங்களைப் பிரிக்கும் நிரல் கிடைத்தால் இன்னும் நல்லது: யாரோவியா தரும் காமா-டெக்காலாக்டோன் ஆர் வடிவம், வேதிமுறையில் சாதாரணமாகச் செய்தது இரண்டு வடிவமும் சரிபாதியாக இருக்கும்.

சாப்பிடலாமா, “இயற்கை” என்று எழுதலாமா

குடுவையில் எடுத்ததை வாயில் வைக்கக் கூடாது, வாசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரின் சில ரகங்கள் ஆக்ராடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். டிரைக்கோடெர்மாவின் சில இனங்கள் டிரைக்கோதீசின் நச்சுகளை உண்டாக்கும். சுவரிலோ பழத்திலோ முளைத்ததை எடுத்து வளர்ப்பதும் வேண்டாம்; அடையாளம் உறுதியான ரகத்தை நெதர்லாந்தின் வெஸ்டர்டைக், ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட், அமெரிக்காவின் ஏடிசிசி, சண்டிகரின் எம்டிசிசி போன்ற வளர்ப்பு வங்கிகளிலிருந்து வாங்குங்கள். வாழை மணம் தரும் செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்பிரியாட்டா பயிர் நோய்க் கிருமி. அதை வரவழைக்கும் முன் உங்கள் நாட்டின் தாவரத் தடைக்காப்பு விதியைப் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1334/2008 விதிப்படி, இயற்கை வாசனைப் பொருள் என்றால் செடி, விலங்கு, நுண்ணுயிர் மூலப்பொருளிலிருந்து பௌதிக, நொதி அல்லது நுண்ணுயிர் முறையில் பெற்றிருக்க வேண்டும். பூஞ்சை முறை இதற்குள் வருகிறது. ஆனால் முன்பொருளும் இயற்கையாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேதித் தொகுப்பில் வந்த ஃபீனைல்அலனைனைக் கொடுத்துவிட்டு ரோஜாவை இயற்கை என்று சொல்ல முடியாது. நொதித்தலில் தயாரான ஃபீனைல்அலனைன் என்றால் சரி. வாங்கும்போதே விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நன்றாக மணக்கும் ரகம் கிடைத்த அன்றே அதை 15–20 சதவீதக் கிளிசராலில் பல சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் இழைப்பூஞ்சைகள் வாசனை தருவதைப் படிப்படியாக விட்டுவிடக்கூடும். ஒவ்வொரு புதிய பரிசோதனைக்கும் ஒரு புதுக் குப்பியைத் திறங்கள். திறந்ததைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.